எதிர்வீட்டுச் சாட்சி

"வேற ஆளே கிடைக்கலையா உங்க வீட்டுக்காரருக்கு? போயும் போயும் இந்த மனுஷனையா உயிலுக்குச் சாட்சியாப் பிடிச்சார்?" வக்கீலம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

அவளுக்கும் அதுதான் புரியவில்லை. தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு கோர்ட் வராண்டாவின் கோடியைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் சைரன். காலையில் இவர்கள் வீட்டுக் கதவு திறந்தால் போதும், "என் கேட்டுக்கு நேரா காரை நிறுத்தாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று தெருவையே எழுப்பிவிடுவார். அவள் கணவன் படுத்த படுக்கையான பிறகும் அந்தக் கத்தல் நிற்கவில்லை. அவன் போன அன்று தெருவே வந்து வாசலில் நின்றது. இவர் மட்டும் மாடியில் நின்று ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் வாயில என்ன வரும்னே தெரியலை மேடம்."

"கையெழுத்துப் போட்ட இன்னொரு சாட்சி டாக்டர். அவரும் போய்ச் சேர்ந்துட்டார். மிச்சம் இவர்தான். 'அப்ப அவருக்கு நினைவே இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொன்னார்னா, உயில் செல்லாது."

அது செல்லாவிட்டால் பழைய உயில்தான் நிற்கும். கல்யாணத்துக்கு முன்னால், அண்ணன்மேல் இருந்த பாசத்தில் அவன் எழுதிவைத்தது. வீடு அண்ணனுக்குப் போய்விடும்.

அந்த அண்ணன் இப்போது பக்கத்தில் வந்து குழந்தையின் தலையைத் தடவினார்.

"எதுக்கும்மா பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அலையறே? பேசாம விட்டுட்டா, உங்க ரெண்டு பேருக்கும் நானே எங்கேயாவது ஒரு ரூம் பார்த்துத் தர மாட்டேனா?"

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் கூண்டில் ஏறினார்.

அண்ணனின் வக்கீல் எழுந்தார். "இறந்தவர் உங்களுக்கு நெருங்கின சிநேகிதர். அந்த உறவுக்காகத்தான் சாட்சி சொல்ல வந்திருக்கீங்க. சரிதானே?"

"சிநேகிதரா?" எதிர்வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். "எங்க தெருவுல வந்து யாரை வேணும்னாலும் கேளுங்க. அவர் மேல நான் போலீஸ்ல புகாரே கொடுத்திருக்கேன். ஸ்டேஷன்ல இருக்கும், வரவழைச்சுப் பாருங்க."

"அப்படிப்பட்டவர் எப்படி உயில்ல கையெழுத்துப் போட்டீங்க?"

"கூப்பிட்டு விட்டார், போனேன். என் கண்ணு முன்னால அவர் போட்டார். அதுக்குக் கீழே நான் போட்டேன்."

"அந்த நேரம் அவருக்குச் சுயநினைவு இல்லை. அதையும் ஒத்துக்கறீங்களா?"

எதிர்வீட்டுக்காரர் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். இந்த மனுஷன் பழி தீர்க்கப்போகிறார் என்றே அவள் நினைத்தாள்.

"நினைவு இல்லாமலா? 'உங்க கேட்டுக்கு நேராத்தான் என் கார் நிக்கும். நான் செத்தாலும் எடுக்க மாட்டேன்'னு சொல்லிட்டுத்தான் பேனாவையே கையில எடுத்தார். எல்லாரையும்விடத் தெளிவா இருந்தார்."

நீதிபதிகூடக் குனிந்து சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா அவள் கையைப் பிடித்தாள். "ஆகாதவர் வாயாலேயே வந்துடுச்சு. இதைவிட வலுவான சாட்சி கிடையாது. தீர்ப்பு அடுத்த மாசம். வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குங்க."

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படி இறங்கும்போது பின்னால் யாரோ வரும் சத்தம்.

"திரும்பாதேம்மா. நடந்துக்கிட்டே கேளு. உன் வீட்டுக்காரரோட அண்ணன் மேல்படியில நிக்கிறார்."

எதிர்வீட்டுக்காரர்தான். அவருக்கு இவ்வளவு மெல்லப் பேச வரும் என்பதே அவளுக்கு இன்றுதான் தெரியும்.

"கையெழுத்துப் போட்ட அன்னைக்கே அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, சண்டையை இத்தோட விட்டுடலாம்னு நான்தான் சொன்னேன். அவர் கேக்கலை. 'எங்க அண்ணன் கேஸ் போடுவான். சிநேகிதன் வந்து சொன்னா எடுபடாது. கடைசி வரைக்கும் நீங்க எனக்கு ஆகாதவராவே இருங்க, விடாம கத்துங்க'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார். கார் விஷயம் அவர் சொன்னது நிஜம்தான். சிரிச்சுக்கிட்டே சொன்னார்ங்கிறதை மட்டும் கோர்ட்டுல சொல்லலை."

அவளுக்குப் படி மங்கலாகத் தெரிந்தது. "அப்போ அன்னைக்கு மாடியில..."

"சாவுக்கு வரக்கூடாதுன்னுட்டாரும்மா. ஃபோன்ல ஒண்ணுமில்லை. தலையைக் குனிஞ்சுக்க ஒரு சாக்கு."

மேலே ஷூ சத்தம் கேட்டது. அண்ணனும் அவர் வக்கீலும் இறங்கி வந்தார்கள்.

எதிர்வீட்டுக்காரர் சட்டென்று விலகி, கோர்ட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "நாளைக்கு விடியறதுக்குள்ள அந்தக் காரை எடுக்கலைன்னா நடக்கிறதே வேற."

குழந்தை திடுக்கிட்டு விழித்து அழுதது. இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லியிராதவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைவிட உரக்கச் சொன்னாள்:

"எடுக்க முடியாது. அது அங்கதான் நிக்கும்."