பெட்டியில் எழுதிய பேர்

ஆப்பிரிக்காவுக்குப் போன மிஷன் குழுவுக்கு ஆர்மோனியம் வாங்கிக் கொடுத்த பாளையங்கோட்டை வேதமணி அண்ணாச்சி, அங்கே தமிழ் வாசிக்க ஜனம் அலைமோதுவதுபோல, அதன் மரப்பெட்டியில் ‘அன்பளிப்பு: வேதமணி’ என்று முழ நீளத்துக்கு எழுதி அனுப்பினார். அந்த ஊரில் காய்ச்சலில் போன நாலு வயதுப் பிள்ளை தண்டிவேயை அடக்கம்பண்ண அந்தப் பெட்டிதான் கிடைத்தது.

“எம்புள்ள பேரா எழுதியிருக்கு, பாஸ்டர்?” என்று தாய் தன் பாஷையில் கேட்டாள்.

இல்லையென்று சொல்ல குழுவின் ஞானசிகாமணி போதகருக்கு மனசு வரவில்லை. “ஆமாம்மா.”

உடனே அவள் கரித்துண்டெடுத்து, தன் மேல்துணியில் எழுத்தெழுத்தாகப் பார்த்து வரைந்துகொண்டாள்.

மறு ஞாயிறு, கல்லறைச் சிலுவையில் அண்ணாச்சி பேர் ஒரு சுழி பிசகாமல் நின்றது, அன்பளிப்போடு.

“வாசிங்க பாஸ்டர், கேக்கணும்,” என்றாள்.

போதகர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, விரல் வைத்து வாசித்தார்: “தண்டிவே.”