பெட்டிக்குள் இருந்தது

அண்ணன் கடைசியாக என்னிடம் பேசியது அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றித்தான். ஏழாயிரம்பண்ணையில் நாங்கள் வேலை பார்த்த பட்டாசு கம்பெனியின் ஆபீஸ் அறையில், பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு அன்று காலைதான் அதைப் பொருத்தினேன்.

“ஏலே, டிபன் டப்பா கணக்கா இருக்கு. அம்புட்டு ஆர்டரும் இதுக்குள்ளயா கெடக்கு?” என்று கேட்டுக்கொண்டே அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

“சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொல்றேண்ணே. நீங்க தீபாவளி லோடைப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, சிவகாசி ஆபீசுக்குக் கிளம்பினேன்.

மதியம் மருந்து கலக்கும் அறை வெடித்தது. எல்லோரோடும் வெளியே ஓடிவந்த அண்ணன், ஆபீஸ் அறைக்குத் தீ பரவுவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போனாராம். பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி கிடந்தார்.

காரியத்துக்கு வந்த முதலாளி, “முத்துப்பாண்டி உசுரக் குடுத்து கம்பெனியக் காப்பாத்திட்டான்” என்றார்.

மதினி என்னைத் தனியே கூப்பிட்டார். “தம்பி, அவுக எடுத்த பெட்டியில இருந்ததெல்லாம் கெடச்சிருச்சா?”

“ஒண்ணு விடாமக் கெடச்சிருச்சு மதினி.”

“அது போதும்யா.”

நான் சொன்னது பொய்யில்லை. ஒன்றுமே தொலையவில்லை. அந்தப் பெட்டிக்குள் எதுவுமே கிடையாது. எல்லாமே சிவகாசியில், என் மேசைக்குப் பக்கத்தில் ஓடும் பெரிய மெஷினில் இருக்கிறது. பெட்டி அதைத் திரையில் காட்டும், அவ்வளவுதான். எந்த ஊரில் திறந்தாலும் வேலை விட்ட இடத்திலேயே வந்து நிற்கும்.

இன்று அண்ணன் பாதியில் விட்ட வேலையை என் திரையில் திறந்தேன். அவர் அடித்துக்கொண்டிருந்த ஆர்டர், ‘கம்பி மத்தா’ என்பதோடு அப்படியே நிற்கிறது.