மாதுளை உரிப்பவள்
வேலையிலிருந்து திரும்பிய மனைவி, செருப்பைக் கழற்றிய கையோடு மாதுளை உரிக்க உட்கார்ந்துவிடுகிறாள். ஜன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டு வருகிறது. நகக்கண்ணெல்லாம் கறை. கணவருக்கு இதய ஆபரேஷன் ஆனதிலிருந்து தினமும் இதே வேலை. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அவர் எதிரே உட்கார்கிறார். “இதுல இருக்கற சத்தை இதயத்துக்கு உதவற மாதிரி குடல்ல இருக்கற நல்ல கிருமிங்கதான் மாத்திக் கொடுக்கணுமாம். டெஸ்ட் எடுத்ததுல எனக்கு அந்தக் கிருமியே இல்லையாம்.” முத்துகள் கிண்ணத்தில் விழும் சத்தம் நிற்கிறது. “அப்போ இவ்வளவு நாளும் உரிச்சது?” என்கிறாள். “ருசியாத்தான் இருந்துச்சு” என்கிறார் அவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபப்படத் தெம்பும் இல்லை. ஒரு கை முத்தை அள்ளி, முதன்முறையாகத் தன் வாயில் போட்டுக்கொள்கிறாள். கண்ணை மூடி மெதுவாக மெல்கிறாள். அவர் பழத்தின் மறுபாதியை எடுத்து உரிக்கத் தொடங்குகிறார்.