வாசகருக்கேற்ற முடிவு

பட்டாசு ஆலை வெடிப்பில் கணவனை இழந்த முத்துசெல்வி, அதைத் தானே புத்தகமாக எழுதித் தானே வெளியிட்டாள். முதலில் வாங்கியவள் ஜெயமணி, இன்றும் அதே ஆலைக்கு வேலைக்குப் போகிறவள்.

“ஒரே மூச்சுல படிச்சிட்டேன் மதினி. மருந்து ரூம்ல இருந்து அண்ணன் வெளிய வந்து, கழட்டிப் போட்ட செருப்ப மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறாருல்ல, அங்க அழுதுட்டேன்.”

முத்துசெல்வி அப்படி எழுதவே இல்லை. உராய்ந்தால் பொறி பறக்கும் என்று செருப்பை வாசலில் விட்டுத்தான் எல்லோரும் வெடிமருந்து அறைக்குள் போவார்கள். வெடித்த அன்று மிஞ்சியது அவனுடைய செருப்புதான். அதுதான் அவளுடைய கடைசிப் பக்கம்.

ஜெயமணியின் வாசிப்புத் திரை, எல்லோருடைய திரையையும் போல, அவள் மனம் தாங்குகிற மாதிரி புத்தகத்தை மாற்றிக் கொடுத்திருந்தது. நாலு பேர் இருக்க வேண்டிய அறைக்குள் பத்துப் பேரை அடைத்தார்கள் என்ற பக்கத்தையே காணோம்.

“திரைய மூடு. நான் வாசிக்கேன்.”

“வேணாம் மதினி, காலைல வேலைக்குப் போணும்.”

“அதுக்குத்தான் வாசிக்கேன்.”

சாயங்காலம் தெருக்குழாயடியில் நின்று, தன் கைப்பிரதியை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். சிலர் காதைப் பொத்தினார்கள். அவள் குரலை உயர்த்தினாள். குடங்கள் நிரம்பி வழிந்தன, யாரும் தூக்கவில்லை.

மறுநாள் காலை மருந்து அறை வாசலில் போர்மேன், “எல்லாரும் உள்ள போங்க, நேரமாச்சு” என்றார்.

“நாலு பேருதான் போவோம்” என்றாள் ஜெயமணி.

“யாரு சொன்னா?”

ஒருத்திகூடச் செருப்பைக் கழற்றவில்லை.