சுரைக்காய்ச் சாறு

"ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கக் கூடாது. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?" என்று மனைவி டம்ளரை நீட்டிவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினாள்.

கணக்கு வாத்தியார் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டுப் பால்கனிக்குப் போனார். மூன்று மாதமாகச் செய்வதுபோலவே சுரைக்காய்ச் சாற்றை ரோஜாத் தொட்டியில் கவிழ்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

அன்று மாலை எதிர்வீட்டு அக்கா ரோஜாவைப் பார்த்து அசந்துபோனாள். "ஒரே செடியில பதினாலு பூவா! என்ன உரம் போடற?"

"கடை உரம் எதுவும் வாங்கறதில்லைக்கா. எல்லாம் இவரோட கைராசி" என்றாள் மனைவி.

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. வீட்டுப்பாடத்தில் பொய் சொன்னால் வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறவர், வீட்டில் தினமும் பொய் சொல்கிறார். அவளோ விடிந்ததும் எழுந்து மெனக்கெட்டு அரைக்கிறாள்!

மறுநாள் காலை மூக்கைப் பிடித்துக்கொண்டு முழு டம்ளரையும் ஒரே மடக்கில் குடித்தார். நேராகச் சமையலறைக்குப் போனார்.

"இத்தனை நாளும் செடிக்குத்தான் ஊத்தினேன், மன்னிச்சிடு. இன்னைக்குச் சத்தியமா நானே குடிச்சிட்டேன்!"

மனைவியின் கையிலிருந்த கரண்டி நழுவியது.

"குடிச்சிட்டீங்களா? ஐயையோ! நீங்க செடிக்கு ஊத்தறது எனக்கு முதல் வாரமே தெரியும். நல்ல சுரைக்காயை எதுக்கு வீணாக்கணும்னு, அன்னையிலேருந்து காய்கறித் தோலையும் அழுகின பழத்தையும் ஊறவெச்சு அரைச்சில்ல கொடுக்கறேன்!"

வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பயப்படாதீங்க, ரோஜாவுக்கு ஒண்ணும் ஆகலையே! பத்தே நாள்ல நீங்களும் மொட்டு விட்டுடுவீங்க."