பன்னிரண்டாவது அட்டை

அடுத்த ஐந்து வருடத்துக்கு அறக்கட்டளையின் மருத்துவ வேன் எந்தெந்தக் கிராமங்களுக்குப் போக வேண்டும் என்று புதிதாக வந்த செயலாளர் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே நர்ஸம்மா. வாசலில் டிரைவர். மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, போன வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார் பாவம்.

குழந்தைகளின் எடை அட்டைகளைப் பார்த்ததும் செயலாளருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏம்மா, ஆத்தோர ஊர்ல பதினோரு பிள்ளைங்க. ரெண்டு வருஷமா ஒருத்தருக்குக்கூட நூறு கிராம் ஏறலையே! வீட்ல உக்காந்தே எழுதுறீங்களா?"

"மாசாமாசம் தராசைத் தூக்கிட்டுப் போறேன் சார். அந்த ஊரை மட்டும் விட்டுடாதீங்க."

"அதையும் பாத்துடறேன்" என்று அந்த ஊரின் ஃபைலைத் திறந்தார். முதல் பக்கத்தில் ஒரு பத்திரிகைச் செய்தி ஒட்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வந்த வெள்ளத்தில் ஊரே போய்விட்டது. இறந்தவர்களில் பதினோரு குழந்தைகள்.

செயலாளர் ஃபைலை அவர் பக்கம் திருப்பினார். "நர்ஸம்மா... இது..."

"தெரியும் சார். ஆனா வேன் ஹாரன் கேட்டா வந்து வரிசையில நிக்குதுங்களே, நான் என்ன செய்ய?"

செயலாளர் திகைத்துப்போய் டிரைவரைப் பார்த்தார். "நீங்களாவது இந்தம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கப்பா!"

டிரைவர் உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார்.

"நிறுத்திடாதீங்க சார். எம் பொண்ணுக்கு என் ஹாரன் சத்தம் நல்லாத் தெரியும். போன வாரம் அங்க முதல் ஆளா ஓடி வந்தா."