'டெல்' என்பதற்குப் பதிலாக

சிரித்தது அவள்தான்.

மாடிப்படியின் பாதியில் அவன் நின்றுவிட்டான். கிளாஸ் முடிய இன்னும் நேரமிருந்தது. வழக்கம்போல் கீழே பைக்கிலேயே உட்கார்ந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. என் பெண்டாட்டியை இப்படிச் சிரிக்கவைக்கிறவன் யார் என்று பார்த்தே ஆகவேண்டும்.

மேலே ஏறிப் போய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் இன்பராஜ். ஒல்லியான ஆள். சட்டைக் காலர் நைந்திருந்தது. இந்த மூஞ்சிக்கா இத்தனை சிரிப்பு?

வீட்டில் அவனே அவளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தவன்தான். இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் ஆபீஸில் மேனேஜரே அவனைத்தான் கூப்பிடுவார். அவள் ஒரு தப்புச் சொன்னால் அவன் நெற்றியில் அடித்துக்கொள்வான். சில நாளிலேயே அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். பிறகு இங்கே சேர்ந்தாள். பொழுது போகும் என்றாள்.

கரும்பலகையில் பெரிதாக 'டெல்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே வரிசையாக இன்ஃபார்ம், கம்ப்ளெயின், ஷேர், கன்ஃபெஸ்.

"எல்லாம் சொல்றதுதானேன்னு நினைக்காதீங்க," என்றார் இன்பராஜ். "எதைச் சொல்றோம், யார்கிட்ட சொல்றோம், அதுக்குத் தக்கன மாறும். புக்குல இருக்கற வாக்கியம் வேண்டாம். உங்க வாழ்க்கையில நடந்ததைச் சொல்லுங்க."

அவள் எழுந்தாள்.

இங்கிலீஷில் தட்டுத்தடுமாறித்தான் சொன்னாள். ஆனால் சொன்னாள். அவன் முன்னால் ஒரு வாக்கியத்தைக்கூட அவள் இப்படி முடித்ததில்லை.

சிலிண்டர் தீர்ந்ததைக் கேஸ் ஏஜென்சிக்கு இன்ஃபார்ம் பண்ணினாளாம்.

முட்டி வலியைப் பிள்ளையாரிடம் கம்ப்ளெயின் பண்ணினாளாம். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

முட்டி வலியா? எப்போதிருந்து?

மகள் ஹாஸ்டலில் சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்தக் கவலையை எதிர்வீட்டு ஜெபமணியக்காவோடு ஷேர் பண்ணிக்கொண்டாளாம்.

அதுவும் அவனுக்குப் புதிது. நல்லா சாப்பிடுறேம்பா என்றுதான் மகள் அவனிடம் சொல்லியிருந்தாள்.

இன்பராஜின் மேலிருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. இப்போது ஜெபமணியக்காவைப் பிடிக்கவில்லை. பிள்ளையாரையும் பிடிக்கவில்லை.

கடைசி வார்த்தைக்கு அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலையை விட்டுவிட அவளுக்கு இஷ்டமே இல்லை. விட்ட அன்று பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதாள். அதைப் பூக்கார பேச்சியம்மாளிடம் மட்டும் கன்ஃபெஸ் பண்ணியிருக்கிறாள்.



கல்யாண வீடுகளில் யாராவது விசாரித்தால் அவன் முந்திக்கொண்டு பதில் சொல்வான். அவளேதான் வேலை வேணாம்னுட்டா என்பான். அவள் பக்கத்தில் நின்று தலையாட்டுவாள்.

பேச்சியம்மாள். நேற்றுகூட முழம் அளந்துகொண்டே, நல்லாயிருக்கீகளா என்று அவனிடம் கேட்டாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறாள்.

வயிறு எரிந்தது. போயும் போயும் ஒரு பூக்காரியைப் பார்த்து.

"வெரி குட்மா," என்றார் இன்பராஜ். "இப்ப ஹஸ்பண்டை வச்சு ஒண்ணு."

அவன் ஜன்னலோடு ஒட்டி நின்றான். எந்த வார்த்தையானாலும் சரி. கம்ப்ளெயின் ஆனாலும் சரி.

அவள் பலகையை மேலிருந்து கீழே பார்த்தாள்.

மறுபடியும் மேலிருந்து பார்த்தாள்.

"அவங்கதான் பேசுவாங்க," என்றாள். "ஐ லிசன், சார்."

"லிசன் அடுத்த வாரம்தாம்மா வருது. உட்காருங்க."

அவன் சத்தமில்லாமல் கீழே இறங்கினான்.

பைக்கில் அவள் ஏறி உட்கார்ந்ததும் அவன் ஆரம்பித்துவிடுவது வழக்கம். மேனேஜர், டிரான்ஸ்ஃபர், யூனியன்காரர்கள். வீட்டு வாசல் வரை ஓயாது. இன்று அவன் வாயைத் திறக்கவில்லை.

ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். இன்ஜினை அணைத்தான்.

"என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்." கொஞ்சம் பொறுத்து, "நீ ஏதாவது சொல்லேன்," என்றான்.

சைடு கண்ணாடியில் பார்த்தான். அவள் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள். என்ன தப்புச் செய்தோம் என்று தேடுகிற முகம். தலையில் பேச்சியம்மாளின் பூ.

"தோசை மாவு தீந்துபோச்சு," என்றாள்.

இன்ஃபார்ம்.

கேஸ் ஏஜென்சிக்குக் கிடைத்தது அவனுக்கும் கிடைத்தது.

ரயில் தடதடவென்று கடந்து போனது. கேட்டைத் தூக்கினார்கள். ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் இரண்டு பக்கமும் முண்டியடித்துக்கொண்டு நகர்ந்தன.

"அப்புறம்?" என்று கேட்டான்.

அவள் கை அவன் தோளில் லேசாகப் பட்டது. எடுத்துக்கொண்டாள்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். யாரோ திட்டினார்கள்.

அவன் வண்டியைக் கிளப்பவில்லை.